‘மோன் கோம்ப்ரான்’ (புரிந்துவிட்டது) என்றால் நம்பாதீர்கள்: முதலாண்டு மாணவர்களுக்குப் பாடநூல் வாசிக்கச் சொல்லித்தருவது எப்படி

தைப்பூசக் காவடிக்கு முந்தைய விரத நாட்களில் மொரீசியஸ் கோவில்களில் பிள்ளைகள் பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். கையில் இருக்கும் தாளில் தமிழ்ப் பாட்டு ரோமன் எழுத்தில் அச்சாகியிருக்கும். ராகம் பிசகாது, ஒரு சொல்கூட விடுபடாது. பொருள் என்ன என்று கேட்டால் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் பன்னிரண்டு வயதுவரை அப்படிப் பாடியவள்தான், அதனால் குறை சொல்ல வரவில்லை. ஆனால் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு வாசிப்பு வகுப்பு எடுக்க ஆரம்பித்தபோது அந்தத் தாள்தான் நினைவுக்கு வந்தது. பொருளாதாரப் புத்தகத்தில் ஒரு பத்தியை ஒரு பையன் நல்ல ஆங்கில உச்சரிப்போடு படித்தான். “பே, கி லி பே டிர்?” என்றேன், பிரெஞ்சிலிருந்து கிளைத்த எங்கள் வீட்டு மொழியான கிரியோலில். சரி, இவர் என்னதான் சொல்கிறார்? அவன் மறுபடியும் அதே பத்தியை முதலிலிருந்து படித்துக் காட்டினான்.

ஆகஸ்டில் வகுப்புகள் தொடங்கும்போது முதல்முறையாக ஏழெட்டுப் பிள்ளைகளைக் கையில் கொடுத்து “இவர்களுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடு” என்று அனுப்பப்படும் இளம் ஆசிரியர்களுக்கும் மேல்வகுப்பு மாணவர்களுக்கும்தான் இது. செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். எனக்குத் தெரியாமல் நான் கெடுத்த இடங்களையும் சேர்த்துத்தான்.

முதலில் பிரச்சினை எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள்

எங்கள் பிள்ளைகள் சோம்பேறிகள் என்று மூத்த லெக்சரர்கள் உங்களிடம் சொல்வார்கள். தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தத் தீவில் பத்தில் ஒன்பது பேர் வீட்டில் பேசுவது கிரியோல். காலையில் பார்க்கும் செய்தித்தாள் பிரெஞ்சு. பாடநூலும் தேர்வும் ஆங்கிலம். பிள்ளை ஆங்கிலத்தில் வாசித்து, பிரெஞ்சின் உதவியால் ஊகித்து, கிரியோலில் யோசித்து, மறுபடி ஆங்கிலத்தில் எழுத வேண்டும். இத்தனை கைமாறுவதில் எங்கோ ஓரிடத்தில் பொருள் நழுவிவிடுகிறது. எந்த இடம் என்று அவனுக்கே தெரிவதில்லை.

இன்னொன்று, பள்ளிக்காலப் பழக்கம். பள்ளி இறுதித் தேர்வான எச்எஸ்சி வரைக்கும் டியூஷன் நோட்டும் மாதிரி விடையும் காப்பாற்றிவிடும். ஒரு முழு அத்தியாயத்தைத் தானாக வாசிக்க வேண்டிய தேவையே பலருக்கு வந்திருக்காது. கல்லூரிக்கு வந்த முதல் வாரமே நாற்பது பக்கம் வாசித்துவிட்டு வா என்றால் முழி பிதுங்கத்தான் செய்யும். இதை முதல் நாளே அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். தன்னிடம் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

முதல் வகுப்பு: ஒரே ஒரு பக்கம்

வாசிப்புப் பயிற்சிக்கு என்றே தயாரித்த சிறுகதை, பொது அறிவுப் பத்தி எதுவும் வேண்டாம். அவர்கள் இந்த செமஸ்டரில் படிக்கவேண்டிய பாடநூலிலிருந்தே ஒரு பக்கம் எடுங்கள். பத்து நிமிடம் வாசிக்கட்டும், அப்புறம் மூடி வைக்கட்டும். இப்போது ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரிடம் அதில் என்ன இருந்தது என்று கிரியோலில் சொல்ல வேண்டும். எழுதக் கூடாது, ஆங்கிலம் கூடாது. சொல்வதைத் தன் போனில் பதிவு செய்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடைசி வகுப்பில் அது தேவைப்படும்.

“தேர்வு ஆங்கிலத்தில்தானே, கிரியோல் எதற்கு?” என்று மாணவர்களே கேட்பார்கள், சில பெற்றோரும் கேட்பார்கள். ஆங்கிலத்திலேயே சொல்லச் சொன்னால் புத்தகத்தின் வாக்கியத்தையே திருப்பித் தருவார்கள், கிளிப்பிள்ளை மாதிரி. அது புரிந்து வந்ததா மனப்பாடமாக வந்ததா என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. பாட்டியிடம் சொல்வதுபோல் வீட்டு மொழியில் சொல்லும்போது ஒளிய இடமில்லை.

ஒரு தந்திரத்தை மட்டும் கவனியுங்கள். கிரியோல் வாக்கியத்துக்குள் ஆங்கிலக் கலைச்சொற்களை அப்படியே செருகி, இடையில் ‘பே’, ‘அலோர்’ போட்டுச் சமாளிப்பார்கள். கேட்க நன்றாகவே இருக்கும். உடனே நிறுத்தி அந்தச் சொல்லை எடுத்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ‘ப்ரி டிசிக் இன் பெசே’, சர்க்கரை விலை இறங்கிவிட்டது, என்று வாய் திறந்து வந்தால் சரி. வரவில்லை என்றால் நழுவிய இடம் அதுதான். குறித்துக்கொள்ளுங்கள், திட்டாதீர்கள். ‘மோன் கோம்ப்ரான்’, எனக்குப் புரிந்துவிட்டது, என்ற சொல்லை மட்டும் அன்றிலிருந்து வகுப்பில் செல்லாக்காசு ஆக்கிவிடுங்கள்.

இரண்டாவது: நீங்கள் தடுக்கி விழுவதைக் காட்டுங்கள்

இந்த ஒரு காரியத்தை மட்டும் செய்துவிட்டு மற்றதையெல்லாம் விட்டாலும் பரவாயில்லை என்பேன். வாசிப்பவரின் தலைக்குள் என்ன நடக்கிறது என்று மாணவர்கள் பார்த்ததே இல்லை. வாத்தியார் புத்தகத்தைப் பார்ப்பார், உடனே விளக்குவார், அவ்வளவுதான். நடுவில் அவரும் நின்று, திரும்பிப் போய், குழம்பித்தான் வருகிறார் என்பது தெரியாததால், தான் தடுமாறினால் தனக்கு மூளை இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஆகவே ஒரு பத்தியை வாய்விட்டு வாசித்து, இடையில் மனதில் ஓடுவதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு, ஐரோப்பாவுக்கு நாம் சர்க்கரை விற்ற கதை. ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகளுக்கும் இடையே 1975இல் கையெழுத்தான லோமே ஒப்பந்தத்தோடு சேர்ந்த சர்க்கரை ஏற்பாட்டின்படி மொரீசியஸ் சர்க்கரைக்கு உத்தரவாத விலை கிடைத்துவந்தது. 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் சர்க்கரைக் கொள்கையை மாற்றி, விலையை நான்கு ஆண்டுகளில் 36 சதவீதம் குறைக்கத் தொடங்கியது. 2009 செப்டம்பரோடு அந்தப் பழைய ஏற்பாடும் முடிவுக்கு வந்தது என்று பத்தியில் இருக்கிறது. நான் இப்படி வாசிப்பேன்:

“உத்தரவாத விலை. நிற்கிறேன். உத்தரவாதம் யாருக்கு, விற்கிறவருக்கா வாங்குகிறவருக்கா? உலகச் சந்தை விலையைவிட அது அதிகமா, குறைவா? இங்கே சொல்லவில்லை. அதிகமாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது போனதற்கு நாம் ஏன் கவலைப்பட வேண்டும்? இது என் ஊகம், ஓரத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போகிறேன். 36 சதவீதம்... ஒரே அடியாகவா? இல்லை, நான்கு ஆண்டுகளில் என்று இருக்கிறது, அவசரத்தில் தாண்டிவிட்டேன். நூறு ரூபாய் அறுபத்துநாலு ரூபாய் ஆகிறது. அடேயப்பா. சரி, ஐரோப்பா ஏன் இதைச் செய்தது? அடுத்த பத்தியில் அது வரும் என்று நினைக்கிறேன். வராவிட்டால் இந்த ஆசிரியர் எனக்குக் கடன்பட்டிருக்கிறார்.”

இதற்காக முன்தயாரிப்பு செய்யாதீர்கள். முதல் ஆண்டு நான் வீட்டில் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்துவிட்டுப் போய், அழகாகத் தடுமாறிக் காட்டினேன். பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். இப்போது அவர்களையே ஒரு பக்கம் தேர்ந்தெடுத்துத் தரச் சொல்கிறேன். ஒரு தடவை உயிரியல் புத்தகத்தைக் கொடுத்துவிட்டார்கள், எனக்கு அரைப் பக்கம் தேறவில்லை. அன்றைக்கு நடந்ததுதான் அந்த ஆண்டின் நல்ல வகுப்பு.

மூன்றாவது: பந்தியில் உட்கார்ந்தால் முதலில் இலையைப் பாருங்கள்

ஏழு கறிப் பந்தியில் உட்காருகிறவர் எடுத்தவுடன் அள்ளி வாயில் போடுவதில்லை. இலையில் எது எங்கே இருக்கிறது என்று ஒரு பார்வை பார்ப்பார். அத்தியாயமும் அப்படித்தான். தலைப்பு, உட்தலைப்புகள், முதல் பத்தி, கடைசிப் பத்தி, படம், அட்டவணை. ஐந்து நிமிடம் நுனிப்புல் மேய்ந்துவிட்டு, “இது எதைப் பற்றி, எனக்கு ஏற்கெனவே என்ன தெரியும்?” என்று கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இதற்கு 1972இல் பிரான்ஸ்ஃபோர்டும் ஜான்சனும் செய்த ஆய்வு ஒன்று நல்ல சான்று. பொருட்களைக் குவியல்களாகப் பிரிக்க வேண்டும், ஒரே நேரத்தில் அதிகம் போட்டுவிடக் கூடாது என்றெல்லாம் பொதுவாகச் சொல்லிக்கொண்டே போகும் ஒரு பத்தி. அது துணி துவைப்பதைப் பற்றியது என்று முன்கூட்டியே தெரிந்தவர்களுக்கு எளிதாகப் புரிந்தது, நினைவிலும் நின்றது. தலைப்பே தெரியாதவர்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வாசித்து முடித்த பிறகு தலைப்பைச் சொன்னபோது அது உதவவும் இல்லை. இதே மாதிரி ஒரு பத்தியை நீங்களே எழுதி வகுப்பில் செய்து பாருங்கள். தால் பூரி சுடுவதைப் பற்றி, மாவு, பருப்பு, தவா என்ற சொற்களே வராமல் நான் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். யாரும் இதுவரை கண்டுபிடித்ததில்லை.

அதனால் பின்னணியை வாசிப்புக்கு முன்னால் கொடுங்கள், பின்னால் வேண்டாம். சர்க்கரைப் பத்திக்கு முன் “உங்கள் வீட்டில் யார் கரும்புத் தோட்டத்திலோ ஆலையிலோ வேலை செய்தார்கள்?” என்று கேட்டாலே போதும். பாதிக் கைகள் உயரும். ஒரு பெண்ணின் தாத்தா ஆலை மூடியபோது கிடைத்த பணத்தில் வீட்டுக்கு மாடி கட்டியவர். அந்தப் பத்தி அவளுக்கு எப்படிப் புரியாமல் போகும்?

இங்கே எஸ்க்யூ3ஆர் என்ற முறையைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த பிரான்சிஸ் ராபின்சன் 1940களில் வகுத்தது. மேலோட்டமாகப் பார், கேள்வி கேள், வாசி, சொல்லிப் பார், மீண்டும் பார் என்று ஐந்து படிகள். நல்ல முறைதான். ஆனால் சுவரில் ஒட்டி மந்திரம்போல் ஓத வைக்காதீர்கள். கேள்வி கேட்பதும் சொல்லிப் பார்ப்பதும்தான் அதில் உயிர். உட்தலைப்பு ஒவ்வொன்றையும் கேள்வியாக மாற்று என்று சொன்னால் ‘அறிமுகம் என்றால் என்ன?’ என்று எழுதிக்கொண்டு வருவார்கள். பதில் தெரியாமல் உண்மையிலேயே உறுத்துகிற கேள்வி ஒன்று இருந்தால் போதும்.

நான்காவது: சொற்கள், அதிலும் சின்னச் சொற்கள்

தெரியாத சொல்லுக்கெல்லாம் அகராதி புரட்டினால் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும், கடைசியில் வாக்கியம் மறந்துபோகும். திரும்பத் திரும்ப வரும் சொல்லுக்கு மட்டும் நிற்கட்டும். ஒரே தடவை வந்து போகிற சொல் காத்திருக்கலாம்.

எங்கள் ஊருக்கே உரிய ஒரு கண்ணி உண்டு: பிரெஞ்சில் தெரிந்த முகம், ஆங்கிலத்தில் வேறு ஆள். அரசு மானியத்தை ‘எவென்சுவலி’ நிறுத்திவிடும் என்று ஆங்கிலப் புத்தகம் சொன்னால், ‘முடிவில் நிறுத்தியே விடும்’ என்று பொருள். பிரெஞ்சின் ‘எவான்த்யுவெல்மான்’ காதில் விழுந்தவருக்கோ ‘ஒருவேளை நிறுத்தலாம்’ என்று படுகிறது. பத்தியின் வாதமே தலைகீழாகிவிட்டது, வாசித்தவருக்குச் சந்தேகமே எழவில்லை. ‘ஆக்சுவலி’ என்றால் உண்மையில். ‘அக்த்யுவெல்மான்’ என்றால் இப்போது. தெரியாத சொல்லைவிட இவை ஆபத்து, ஏனென்றால் தெரியாத சொல்லில் பிள்ளை நிற்பான், இதில் நிற்க மாட்டான். வகுப்புச் சுவரில் ஒரு தாள் ஒட்டி, யாராவது மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் ஒரு ஜோடியை எழுதி வையுங்கள்.

அப்புறம் ‘அன்லெஸ்’, ‘ஆல்தோ’, ‘ஹவெவர்’, ‘வேராஸ்’. இவற்றின் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும், வாசிக்கும்போது யாரும் பார்ப்பதில்லை. ஒரு பத்தியில் இவற்றை மட்டும் வட்டமிடச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு வட்டத்திலும் ஆசிரியர் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று கையை இடமோ வலமோ காட்டச் சொல்லுங்கள். சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரித் தெரியும். பெரிய பிள்ளைகள்தான் இதில் அதிகம் சிரிக்கிறார்கள், அதிகம் கற்றுக்கொள்கிறார்கள்.

ஐந்தாவது: ஹைலைட்டரை வாங்கி வையுங்கள்

பிடுங்க வேண்டாம், ஒரு வாரம் கடன் வாங்குங்கள். பக்கம் முழுக்க மஞ்சள் பூசிவிட்டுப் படித்த திருப்தியோடு தூங்கப் போகிறவர்கள் அதிகம். படிப்பு உத்திகளைப் பற்றி வந்த ஆய்வுகளை 2013இல் டன்லாஸ்கி குழுவினர் தொகுத்துப் பார்த்தபோது, கோடிடுவதும் மறுபடி மறுபடி வாசிப்பதும் குறைந்த பலன் தருபவை என்ற வரிசையில்தான் சேர்ந்தன. தன்னைத் தானே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே நின்றன.

இதை மாணவர்களிடம் சொல்ல 2006இல் ரோடிகரும் கார்ப்பிக்கியும் செய்த சோதனை வசதியானது. ஒரு பத்தியை ஒரு குழு இரண்டு முறை வாசித்தது. இன்னொரு குழு ஒருமுறை வாசித்துவிட்டு, நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை வாசித்தவர்களே முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் கதை மாறியிருந்தது: எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, மற்றவர்களுக்கு 42. முதல் பாதியை மறைக்காமல் சொல்லுங்கள். மறுபடி வாசிப்பது ஏன் அவ்வளவு நம்பிக்கை தருகிறது என்பதற்கு விடை அந்த ஐந்து நிமிடத்தில்தான் இருக்கிறது.

ஹைலைட்டருக்குப் பதில் பென்சில். ஓரத்தில் என்ன எழுதுவது? எனக்குக் கைகொடுத்தது நம் பழைய உரைமரபு. பவணந்தியின் இலக்கண நூலான நன்னூல், காண்டிகை என்ற சுருக்கமான உரைவகைக்கு ஐந்து உறுப்பு சொல்கிறது: கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை. ஒரு பக்கத்துக்கு இந்த ஐந்தில் குறைந்தது மூன்று ஓரத்தில் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். கருத்து ஒரே வரி, கிரியோலில் இருக்கலாம். எடுத்துக்காட்டு புத்தகத்தில் இருப்பதாக இருக்கக் கூடாது, தன்னுடையதாக இருக்க வேண்டும். மாணவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது வினாவைத்தான். மதிப்பெண் போடாமல் அதை வாங்க எனக்கு இன்னும் வழி தெரியவில்லை, அதனால் மதிப்பெண் போடுகிறேன்.

பாதிப் பேரிடம் புத்தகமே இருக்காது, பல்கலைக்கழகம் இருக்கும் ரெடுயி போகும் மெட்ரோவில் நின்றுகொண்டே போனில் பிடிஎஃப் வாசிப்பார்கள். அவர்களுக்கு ஓரம் ஏது? ஒரு பக்கத்துக்கு ஒரு துண்டுத்தாள் என்று கொடுங்கள். ஸ்கேன் செய்த பக்கத்தில் பென்சிலுக்கு வேலையில்லை, துண்டுத்தாளுக்கு இருக்கிறது.

ஆறாவது: நான்கு பேர், ஒரு பத்தி

ஐந்தாறு வகுப்புகள் ஆன பிறகு பேச்சை நீங்கள் குறைத்துக்கொள்ளலாம். பாலின்க்ஸரும் பிரவுனும் 1984இல் எழுதிய முறையில் நான்கு வேலைகள்: அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது, கேள்வி கேட்பது, குழப்பத்தைத் தெளிவாக்குவது, சுருக்கிச் சொல்வது. முதலில் ஆசிரியர் நடத்துவார், மெல்ல மாணவர்களே ஆசிரியராக மாறுவார்கள். அவர்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு செய்தது. கல்லூரிப் பிள்ளைகளிடமும் எடுபடுகிறது, ஒரு நிபந்தனையோடு. நான் ஒரு செமஸ்டர் முழுக்க ஆளுக்கொரு அட்டை கொடுத்து நடத்தினேன். ‘தெளிவாக்குபவர்’ அட்டை வைத்திருந்தவர் தன் முறை வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வாரத்துக்குப் பிறகு அட்டைகளை எடுத்துவிடுங்கள். யார் வேண்டுமானாலும் எதையும் செய்யட்டும்.

மாணவன் நூல் பயிலும் முறையைச் சொல்லும்போது நன்னூலும் கேட்டதை நினைத்துப் பார்ப்பது, கூடப் படிப்பவரோடு பயில்வது, கேள்வி கேட்பது, கேட்டதற்கு விடை சொல்வது என்றே அடுக்குகிறது. பாலின்க்ஸர் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. எனக்கு மட்டும் ஒரு சின்னச் சந்தோஷம்.

இந்த வகுப்புக்குக் கொஞ்சம் காத்தோ பிமா, நம்மூர் மிளகாய் வடை, வாங்கிப் போங்கள். வாயில் ஏதாவது இருந்தால் மற்றவர் பேசுவதைக் கேட்பார்கள்.

வேகம்

“நான் ரொம்ப மெதுவாக வாசிக்கிறேன்” என்று ஒருவராவது தனியாக வந்து சொல்வார். ஆங்கிலம் வாசிக்கும் பெரியவர்கள் கட்டுரை வகை எழுத்தை மௌனமாக வாசிக்கும் வேகம் நிமிடத்துக்குச் சராசரியாக 238 சொல் என்று 2019இல் பிரைஸ்பார்ட் கணக்கிட்டார். அது தடையில்லாத வாசிப்பு. கலைச்சொல் நிறைந்த பாடநூலை இரண்டாம் மூன்றாம் மொழியில் வாசிப்பவர் பக்கத்துக்கு ஐந்தாறு நிமிடம் எடுத்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. தன் கடிகாரத்தை வைத்து மூன்று பக்கம் வாசித்துப் பார்த்து, நாற்பது பக்கத்துக்கு எத்தனை இரவு வேண்டும் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். ஞாயிறு இரவில் தொடங்கினால் திங்கள் காலைக்குள் முடியாது என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும்.

கடைசி வகுப்பு

முதல் நாள் கொடுத்த அதே பக்கத்தை மறுபடி கொடுங்கள். வாசித்து மூடிவிட்டு, கிரியோலில் சொல்லி, போனில் பதிவு செய்யட்டும். அப்புறம் பழைய பதிவையும் புதியதையும் அடுத்தடுத்துக் கேட்கட்டும். உங்களுக்குப் போட்டுக் காட்டச் சொல்லாதீர்கள், ஹெட்போனில் அவரவர் கேட்டுக்கொள்ளட்டும். பழைய பதிவில் பெரும்பாலும் ‘இது இருக்கிறது, அப்புறம் அது இருக்கிறது’ என்ற பட்டியல்தான் இருக்கும். புதியதில் ‘இவர் இப்படிச் சொல்கிறார், ஆனால்...’ என்று எங்காவது வந்திருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். சென்ற முறை ஒரு பையன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “மிஸ், அந்த உத்தரவாத விலை உலக விலையைவிட அதிகம் என்று கடைசிவரை அந்த ஆள் எழுதவே இல்லை” என்றான்.